கடலுக்கு மேல் ஒரு விமானம் காணாமல் போகும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

2014 மார்ச் 8 அதிகாலையில், கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்ட மலேசியா ஏர்லைன்ஸ் எம்.எச்.370 விமானம் 239 பேரோடு காணாமல் போனது. சில நாட்களுக்குள் கதைகள் கிளம்பிவிட்டன. கடத்திவிட்டார்கள், சுட்டு வீழ்த்திவிட்டார்கள், இந்தியப் பெருங்கடலில் அமெரிக்க ராணுவத் தளம் இருக்கும் தியேகோ கார்சியா தீவில் இறக்கிவிட்டார்கள், கஜகஸ்தானில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அதற்குப் பிறகு கடல்மேல் எந்த விமானத்தின் தொடர்பு அறுந்தாலும் இதே கதைகள் ஊர், பெயர் மட்டும் மாறித் திரும்ப வருகின்றன.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஒரே ஒரு நம்பிக்கைதான் இருக்கிறது. இன்றைய விமானத்தை ஒவ்வொரு நொடியும் யாரோ பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், ஆகவே அது கண்ணில் படவில்லை என்றால் யாரோ திட்டமிட்டு மறைத்திருக்க வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. அது சரியல்ல. ஒரு விமானம் எப்படித் தரைக்குத் தெரிகிறது, எங்கே தெரியாமல் போகிறது என்று புரிந்துவிட்டால் பாதி யூகங்கள் தாமாகவே உதிர்ந்துவிடும். மீதி இருப்பவை நிஜமான கேள்விகள். அவற்றுக்கு அவற்றுக்குரிய மரியாதையைக் கொடுக்கலாம்.

இருட்டு மைதானத்தில் ஒரு நண்பர்

பெரிய மைதானம், கும்மிருட்டு. உங்கள் நண்பர் அதற்குள் எங்கோ நடந்துகொண்டிருக்கிறார். ஓரத்தில் நிற்கும் நீங்கள் அவர் இருக்குமிடத்தை அறிய மூன்று வழிகள் உண்டு. டார்ச் அடித்துப் பார்க்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதில் குரல் எங்கிருந்து வருகிறது என்று கவனிக்கலாம். அல்லது நீங்கள் கேட்காமலே அவர், ‘இன்ன இடத்தில் இருக்கிறேன்’ என்று அவ்வப்போது குரல் கொடுத்தபடி போகலாம். விமானத்தைத் தரையிலிருந்து அறியும் வழிகளும் இந்த மூன்றுதான்.

டார்ச் வெளிச்சம்தான் முதன்மை ரேடார். தரையிலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, விமானத்தின் உடலில் பட்டுத் திரும்புவதைப் பிடிப்பது இது. இதற்கு விமானத்தின் ஒத்துழைப்பு தேவையில்லை. ஆனால் திரையில் ஒரு புள்ளி மட்டுமே தெரியும். அது எந்த விமானம், எங்கே போகிறது என்று அந்தப் புள்ளி சொல்லாது. ராணுவங்கள் பெரிதும் நம்பியிருப்பது இதைத்தான்.

கூப்பிட்டுப் பதில் கேட்பது இரண்டாம் நிலை ரேடார். தரை ரேடார் கேள்வி அனுப்ப, விமானத்தில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி தன் நான்கிலக்க அடையாள எண்ணையும் உயரத்தையும் பதிலாகத் தரும். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருப்பவர் பார்ப்பது பெரும்பாலும் இந்தப் பதிலைத்தான். பதில் நின்றால் பெயர் எழுதிய அந்தப் புள்ளி அவர் திரையிலிருந்து போய்விடும். விமானம் அதே இடத்தில் பத்திரமாகப் பறந்துகொண்டிருந்தாலும் போய்விடும்.

மூன்றாவது, ஏ.டி.எஸ்.பி. என்ற முறை. விமானம் ஜி.பி.எஸ். மூலம் தன் இடத்தைக் கண்டறிந்து தானாகவே அறிவித்துக்கொண்டே போகும். செல்போனில் விமானங்கள் ஊர்ந்து போவதைக் காட்டும் செயலிகள் பெரும்பாலும் இந்த அறிவிப்பைப் பிடித்துத்தான் காட்டுகின்றன.

கடல் ஏன் குருட்டுப் பகுதி?

ரேடார் அலை நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தைத் தரையிலிருக்கும் ரேடார் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரம் வரைதான் பார்க்க முடியும். அதற்கு அப்பால் விமானம் பூமியின் வளைவுக்குக் கீழே போய்விடுகிறது. இந்தியப் பெருங்கடலின் குறுக்கே போகும் விமானத்துக்குக் கரை பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நடுக்கடலில் ரேடாரை நட்டு வைக்க முடியாது.

அப்படியென்றால் பெருங்கடலைத் தினமும் கடக்கும் விமானங்களை எப்படிக் கவனிக்கிறார்கள்? வானத்தில் குறித்து வைக்கப்பட்ட புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளியைத் தாண்டும்போதும் விமானி ரேடியோவிலோ, விமானமே செயற்கைக்கோள் வழியாகவோ ‘இன்ன நேரத்தில் இங்கே கடந்தேன், அடுத்த புள்ளியை இத்தனை மணிக்கு அடைவேன்’ என்று தெரிவிக்கும். இரண்டு அறிவிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் விமானம் எங்கே இருக்கிறது என்பது ஒரு கணக்கு மட்டுமே. யாரும் பார்த்தது கிடையாது. பல பத்தாண்டுகளாக இப்படித்தான் நடந்துவந்தது, பாதுகாப்பாகவும் நடந்தது. பொதுமக்களுக்கு மட்டும் இது அவ்வளவாகத் தெரியாது.

கணக்கைக் கண்ணால் பார்த்ததாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு எம்.எச்.370 விசாரணையிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. விமானத்தைக் காணவில்லை என்று கட்டுப்பாட்டு அறைகள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருந்த அதிகாலை 2 மணி வாக்கில், விமானம் கம்போடிய வான்வெளியில் இருப்பதாக மலேசியா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் செயல்பாட்டு மையத்திலிருந்து தகவல் வந்தது. அங்கிருந்த திரையில் விமானம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தத் திரை காட்டியது, திட்டமிட்ட பாதையில் விமானம் இந்நேரம் எங்கே இருக்க வேண்டும் என்ற உத்தேசத்தை. அந்தத் தகவலை வைத்து இடத்தைத் தீர்மானிக்க முடியாது என்று 3.30 மணி வாக்கில்தான் தெரிவிக்கப்பட்டது. விஷயம் தெரிந்தவர்களையே அந்தத் திரை ஒன்றரை மணி நேரம் திசைதிருப்பியது. வீட்டில் செயலியைப் பார்த்துவிட்டு, ‘இங்கேதான் மறைந்தது, நான் பார்த்தேன்’ என்று படம் பிடித்து அனுப்புபவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தச் சின்னம் நின்ற இடம், தரையிலிருந்த ஏதோ ஒரு அலைவாங்கிக் கருவியின் எல்லை முடிந்த இடமாகவும் இருக்கலாம்.

இதுவரை: தரைக்கு விமானம் மூன்று வழிகளில் தெரியும். அதில் இரண்டுக்கு விமானமும் பேச வேண்டும். கரையிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தாண்டினால் தரையிலிருக்கும் ரேடார் எதுவும் எட்டாது. திரையில் தெரிவது சில நேரம் வெறும் கணக்கு.

மௌனம் எதையெல்லாம் குறிக்கலாம்?

நண்பரைக் கூப்பிட்டீர்கள், பதில் இல்லை. அவர் கீழே விழுந்திருக்கலாம். தொண்டை கட்டியிருக்கலாம். வேண்டுமென்றே பேசாமல் இருக்கலாம். குரல் எட்டாத தூரத்துக்குப் போயிருக்கலாம். பதில் வராதது ஒன்றுதான், அதற்குப் பின்னால் இருக்கக்கூடிய காரணங்கள் பல. மௌனத்தை மட்டும் வைத்து ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

டிரான்ஸ்பாண்டரும் அப்படித்தான். மின்சாரம் தடைபட்டாலும் நிற்கும், தீப்பிடித்தாலும் நிற்கும், விமானம் உடைந்தாலும் நிற்கும், யாராவது அணைத்தாலும் நிற்கும். ‘அணைக்கவே முடியாதபடி ஏன் செய்யவில்லை’ என்று பலர் கோபமாகக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி, பதிலும் இருக்கிறது. விமானத்தில் மின்சாரத்தில் ஓடும் எந்தக் கருவியிலிருந்தும் புகை வரலாம். புகை வந்தால் அதன் இணைப்பைத் துண்டிக்க விமானிக்கு வழி இருந்தாக வேண்டும். ஒரு கருவி தவறான தகவல் தந்தால் அதை நிறுத்திவிட்டு இன்னொன்றுக்கு மாறவும் வேண்டும்.

ஆக, ஒரு மௌனத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல கருவிகளின் மௌனங்களை நேர வரிசையில் வைத்தால் ஓரளவு சொல்ல முடியும். விசாரணையாளர்கள் செய்வது இந்த வேலையைத்தான்.

எம்.எச்.370: அந்த இரவின் வரிசை

மலேசிய நேரப்படி 12.42-க்கு விமானம் புறப்பட்டது. 1.07-க்கு அதன் தானியங்கிச் செய்தி அமைப்பு கடைசியாக ஒரு தகவல் அனுப்பியது. 1.19-க்கு விமானி அறையிலிருந்து கடைசிக் குரல். மலேசியக் கட்டுப்பாட்டிலிருந்து வியட்நாம் கட்டுப்பாட்டுக்கு மாறும்படி சொன்னபோது, ‘குட் நைட் மலேசியன் த்ரீ செவன் ஜீரோ’ என்று வந்த பதில் அது. 1.21-க்கு டிரான்ஸ்பாண்டரின் பதில் நின்றது. 1.37-க்கு வரவேண்டிய அடுத்த தானியங்கிச் செய்தி வரவில்லை.

உலகத்துக்கு முதலில் தெரிந்தது இவ்வளவுதான். ஆகவே தேடுதல் தென்சீனக் கடலில் தொடங்கியது. கடலில் எண்ணெய்ப் படலம் தெரிந்தது என்றார்கள், பரிசோதனையில் அது விமான எரிபொருள் இல்லை என்று தெரிந்தது. செயற்கைக்கோள் படத்தில் மூன்று பொருட்கள் மிதக்கின்றன என்று சீனா வெளியிட்டது, போய்த் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குள் மலேசிய ராணுவத்தின் முதன்மை ரேடார் பதிவுகளைப் புரட்டியதில், பெயரில்லாத ஒரு புள்ளி தெரிந்தது. டிரான்ஸ்பாண்டர் நின்ற இடத்துக்கு அருகிலிருந்து அது திரும்பி, மலேசியத் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து, பினாங்கு அருகே வளைந்து, மலாக்கா நீரிணை வழியாக வடமேற்கே போயிருந்தது. கடைசியாகத் தெரிந்த நேரம் 2.22. எங்கே தேட வேண்டும் என்ற கேள்விக்கான பதில் இதனால் அடியோடு மாறியது.

இந்த இடத்தில்தான் மக்களின் நம்பிக்கை உடைந்தது என்று நினைக்கிறேன். ‘முதலில் ஒன்று சொன்னார்கள், பிறகு வேறு சொன்னார்கள், எதையோ மறைக்கிறார்கள்’ என்ற குரல் இங்கேதான் வலுத்தது. மலேசிய அதிகாரிகள் தகவலை வெளியிட்ட விதம் குழப்பமாகவும் தாமதமாகவும் இருந்தது உண்மைதான். ஆனால் புதிய தடயம் கிடைத்தால் தேடும் இடம் மாறத்தான் வேண்டும். மாறாமல் இருந்திருந்தால்தான் நாம் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

செயற்கைக்கோள் வரைந்த வட்டம்

2.22-க்குப் பிறகு எந்த ரேடாரிலும் விமானம் இல்லை. ஆனால் 2.25-க்கு விமானத்திலிருந்த செயற்கைக்கோள் தொடர்புக் கருவி, இந்தியப் பெருங்கடலுக்கு மேல் நிற்கும் இன்மார்சாட் செயற்கைக்கோளைத் தொடர்புகொண்டது. செல்போன் அணைந்து மீண்டும் உயிர் பெறும்போது கோபுரத்தில் தன்னைப் பதிவுசெய்துகொள்வது போன்ற ஒரு தானியங்கி வேலை இது. பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, ‘இருக்கிறாயா?’ என்று தரை நிலையம் கேட்டது, ‘இருக்கிறேன்’ என்று கருவி பதில் தந்தது. இதைத் தொழில்நுட்பக்காரர்கள் கைகுலுக்கல் என்பார்கள். விமானம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பதிலில் ஒரு சொல்கூட இல்லை. கடைசித் தொடர்பு காலை 8.19. விமானத்திலிருந்த எரிபொருள் சுமார் ஏழரை மணி நேரம் தாங்கும். 12.42-லிருந்து எண்ணிப் பாருங்கள், கணக்கு பொருந்துகிறது. அந்தக் கடைசித் தொடர்பை விமானத்தின் கருவியே தொடங்கியது. அதாவது அதற்கு மின்சாரம் நின்று மீண்டும் வந்திருக்க வேண்டும். எரிபொருள் தீர்ந்து எஞ்சின்கள் நின்றால் அப்படி நடக்கும்.

இடத்தைச் சொல்லாத பதிலிலிருந்து இடத்தை எப்படிக் கண்டார்கள்? மைதானத்துக்கே திரும்புவோம். நீங்கள் கூப்பிட்டதும் பதில் வர எடுக்கும் நேரத்தை மிகத் துல்லியமாக அளக்க முடிந்தால், நண்பர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. அவர் உங்களைச் சுற்றி வரைந்த ஒரு வட்டத்தின் மேல் எங்கோ இருக்கிறார், அவ்வளவுதான். ரேடியோ அலை ஒரு நொடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் போகும். பதில் தாமதமான அந்த நுண்ணிய நேரத்தை வைத்து, ஒவ்வொரு கைகுலுக்கலுக்கும் பூமியின் மேல் ஒரு வட்டம் வரைந்தார்கள். விமானத்தின் வேகமும் எரிபொருளும் எட்டாத பகுதிகளை வெட்டிவிட்டால் வட்டத்தில் இரண்டு வில்கள் மிஞ்சும். ஒன்று வடக்கே மத்திய ஆசியாவை நோக்கி, இன்னொன்று தெற்கே இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியை நோக்கி. மார்ச் 15-ஆம் தேதி இந்த இரண்டு வில்களும் அறிவிக்கப்பட்டன. கஜகஸ்தான் கதை எங்கிருந்து பிறந்தது என்று இப்போது தெரிகிறதா? வரைபடத்தில் வடக்கு வில் அங்கே போய் முடிந்தது.

வடக்கா தெற்கா என்பதைத் தீர்த்தது டாப்ளர் விளைவு. ஒரு பொருள் நம்மை நெருங்கும்போது அதிலிருந்து வரும் அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடும், விலகும்போது குறையும். விமானத்தின் கருவி, செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் அசையாமல் நிற்பதாக எடுத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்தப் பழைய செயற்கைக்கோள் வடக்கும் தெற்குமாக லேசாக ஊசலாடிக்கொண்டிருந்தது. அதனால் திருத்தம் முழுமையாகவில்லை, ஒரு சிறு பிசிறு மிஞ்சியது. அந்தப் பிசிறு வடக்கே போகும் விமானத்துக்கு ஒரு மாதிரியும் தெற்கே போகும் விமானத்துக்கு வேறு மாதிரியும் இருக்கும். அன்று பறந்த மற்ற விமானங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது தெற்கோடுதான் பொருந்தியது. மார்ச் 24-ஆம் தேதி மலேசியப் பிரதமர் நஜீப் ரசாக், விமானத்தின் பயணம் தெற்கு இந்தியப் பெருங்கடலில் முடிந்ததாக அறிவித்தார்.

‘ஒரு பொருளும் கிடைக்காமல் கணக்கை மட்டும் நம்பச் சொல்கிறார்களே’ என்று அன்று கேட்டவர்கள் உண்டு. கேட்டது தப்பில்லை. அதற்கான பதில் 2015 ஜூலை 29 அன்று ரீயூனியன் தீவின் கரையில் ஒதுங்கியது. சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள இறக்கைப் பகுதி, விளிம்பெல்லாம் கடலில் ஒட்டி வளரும் சிறு ஓட்டுயிரிகள் மொய்த்திருந்தன. உள்ளே இருந்த எண்ணை, அதைத் தயாரித்த ஸ்பெயின் ஆலையின் பதிவோடு ஒப்பிட்டு, அது எம்.எச்.370-இன் பாகம் என்று பிரெஞ்சு அதிகாரிகள் செப்டம்பரில் உறுதிசெய்தார்கள். பிறகு தான்சானியா, மொசாம்பிக், மொரீஷியஸ் என்று மேற்குக் கரைகளிலும் துண்டுகள் கிடைத்தன. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே வகையான ஓர் இறக்கைப் பகுதியைக் கடலில் மிதக்கவிட்டு, அது எப்படி நகர்கிறது என்று பார்த்தார்கள். தெற்கு வில்லின் பக்கத்தில் விழுந்தால் நீரோட்டம் பொருட்களை எதிர்க்கடிகாரத் திசையில் ஆப்பிரிக்கா பக்கம் கொண்டுபோகும் என்பது அந்த முடிவுகளோடு ஒத்துப்போனது. செயற்கைக்கோள் கணக்கும் நீரோட்டமும் ஒன்றையொன்று அறியாத இரண்டு சாட்சிகள். இரண்டும் ஒரே பகுதியைக் காட்டின.

இதுவரை: ரேடார் விட்ட இடத்தில் செயற்கைக்கோளின் கைகுலுக்கல் தொடர்ந்தது. அது தூரத்தைச் சொன்னது, அதிர்வெண் பிசிறு திசையைச் சொன்னது, கரை ஒதுங்கிய பாகங்கள் இரண்டையும் உறுதிசெய்தன. விமானம் ஏன் திரும்பியது என்பதை இவற்றில் எதுவும் சொல்லவில்லை.

‘செல்போன் மணி அடித்ததே!’

பயணிகளின் எண்ணுக்கு அழைத்தபோது மணி அடித்ததாகச் சில உறவினர்கள் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நிஜம். அழைப்பவரின் காதில் விழும் மணியோசை எதிர்முனைப் போனிலிருந்து வருவது கிடையாது. அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று வலையமைப்பு தேடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஓசையை வலையமைப்பே ஒலிக்கவிடலாம். எதிர்முனைப் போன் கடலுக்கடியில் இருந்தாலும் சில முறை ஒலிக்கும். ஒரு தாய் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டு நம்பிக்கை வைப்பதை யாரும் குறைசொல்ல முடியாது. அதை எடுத்து, ‘அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், ஒளித்து வைத்திருக்கிறார்கள்’ என்று பரப்பியவர்கள் அந்தத் தாய்க்குச் செய்தது பெரும் கொடுமை.

தண்ணீருக்கு அடியில்

விமானத்தின் பறப்புத் தகவல்களையும் விமானி அறை ஒலிகளையும் பதிவுசெய்யும் கருவிகளைத்தான் கருப்புப் பெட்டி என்கிறோம். நிறம் ஆரஞ்சு. ‘அது சிக்னல் அனுப்புமே, பிறகென்ன தாமதம்’ என்பது அடுத்த கேள்வி. ரேடியோ அலைகள் கடல்நீருக்குள் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும். ஆகவே பெட்டியோடு ஓர் ஒலிக்கருவியை இணைத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டதும் நொடிக்கு ஒருமுறை, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பும். அது எட்டுவது பொதுவாக இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கடலின் ஆழமே நான்கு கிலோமீட்டர் என்றால் நேர் மேலே கப்பல் நின்றாலும் கேட்காது, ஒலிவாங்கியைக் கம்பியில் கட்டி ஆழத்தில் இழுத்துப் போக வேண்டும். எம்.எச்.370-இல் இருந்த வகையின் பேட்டரி 30 நாள் தாங்கும். விமானம் தெற்கே போனது என்று தெரிவதற்கே அதில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது.

ஒலி அடங்கிய பிறகு மிஞ்சுவது கடல்தரையைச் சோனார் கருவியால் கோடு கோடாகத் துழாவுவது. எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மற்ற விபத்துகள் சொல்கின்றன. 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக்கில் விழுந்தது. 228 பேர் இறந்தார்கள். அந்த விமானம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் இடத்தை அனுப்பிக்கொண்டிருந்தது, விழுவதற்குச் சில நிமிடம் முன்புவரை. சில நாட்களில் மிதக்கும் பாகங்களும் கிடைத்தன. அப்படியிருந்தும், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் கிடந்த சிதைவைக் கண்டுபிடிக்க 2011 ஏப்ரல் ஆனது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் புறப்பட்டு 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்த விமானப்படையின் ஏ.என்.-32, 2024 ஜனவரியில்தான் அடையாளம் காணப்பட்டது. சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டரில், 3,400 மீட்டர் ஆழத்தில், தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் அதன் பாகங்கள் தெரிந்தன.

எம்.எச்.370-க்கு இப்படி ஒரு புள்ளிகூட இல்லை, இருந்தது ஒரு நீண்ட வில். 2017 ஜனவரியில் நிறுத்தப்படும்வரை 1,20,000 சதுர கிலோமீட்டர் தேடினார்கள். 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி என்ற தனியார் நிறுவனம் மேலும் 1,12,000 சதுர கிலோமீட்டர் தேடியது. 2025-இல் அதே நிறுவனத்தோடு மலேசியா மீண்டும் ஒப்பந்தம் போட்டது. கிடைத்தால்தான் பணம் என்பது அதன் நிபந்தனை.

பொருத்தமாகத் தோன்றும் யூகமும் தவறலாம்

அபத்தமான கதைகளை ஒதுக்குவது எளிது. நியாயமாகத் தோன்றும் யூகம்தான் ஆபத்தானது. 2014 டிசம்பர் 28 அன்று சுரபாயாவிலிருந்து சிங்கப்பூர் போன ஏர் ஏசியா கியூ.இசட்.8501, ஜாவா கடலில் 162 பேரோடு விழுந்தது. வழியில் பெரும் மேகக் கூட்டம் இருந்தது, மேலே ஏற விமானி அனுமதி கேட்டிருந்தார். புயல் மேகமும் பனியும்தான் காரணம் என்று கிட்டத்தட்ட எல்லோரும் முடிவு கட்டினார்கள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து வந்த இந்தோனேசிய விசாரணை அறிக்கை, வானிலையைக் காரணமாகச் சொல்லவில்லை. திசைத் துடுப்பின் அசைவைக் கட்டுப்படுத்தும் கருவியில் ஒரு பற்றவைப்பு விரிசல், அதனால் திரும்பத் திரும்ப வந்த எச்சரிக்கை, அதை நிறுத்த எடுத்த நடவடிக்கையால் தானியங்கி விமானம் ஓட்டி துண்டிக்கப்பட்டது, அதன்பின் விமானத்தைக் கட்டுக்குள் கொண்டுவர முடியாமல் போனது. இந்தச் சங்கிலியை வெளியிலிருந்து யாராலும் யூகித்திருக்க முடியாது. கருப்புப் பெட்டி கையில் வந்த பிறகுதான் தெரிந்தது.

ஏர் பிரான்ஸ் 447-லும் இதே கதைதான். வெடிகுண்டு, மின்னல் என்று பேசினார்கள். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்திருக்கலாம் என்ற சந்தேகம் ஆரம்பத்திலேயே இருந்தது, ஆனால் அதைத் தொடர்ந்து விமானி அறையில் ஏற்பட்ட குழப்பம் பெட்டி கிடைத்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தது.

எம்.எச்.370-இல் இரண்டு பயணிகள் திருட்டுப் பாஸ்போர்ட்டில் பறந்தது தெரிந்ததும், தீவிரவாதிகள் என்று உலகமே பேசியது. அவர்கள் ஐரோப்பாவில் அடைக்கலம் தேடிப் போன ஈரானியர்கள் என்று சில நாட்களில் காவல்துறையும் இன்டர்போலும் தெரிவித்தன. இறந்துபோன இரண்டு மனிதர்களின் மேல் அந்தப் பழி விழுந்தது விழுந்ததுதான். விமானி மேலும் இன்றுவரை அப்படி விழுந்துகொண்டிருக்கிறது. 2018 ஜூலையில் வெளியான மலேசிய அறிக்கை, விமானத்தின் திருப்பம் மனிதக் கையால் நடந்திருக்க வேண்டும் என்றது. மூன்றாவது ஆளின் தலையீட்டையும் மறுக்க முடியாது என்றது. காரணத்தை உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று முடித்தது. ‘மனிதக் கை’ என்பதிலிருந்து ‘இன்ன மனிதர்’ என்பதற்குத் தாவுவதற்கு வேண்டிய ஆதாரம் அந்த அறிக்கையில் இல்லை.

ஒரு யூகத்தைக் கேட்கும்போது நான் பார்ப்பது இரண்டு விஷயங்கள். தெரிந்த நேர வரிசை முழுவதோடும் அது பொருந்துகிறதா, அல்லது ஒரு துண்டோடு மட்டுமா? எந்தப் புதிய தடயம் வந்தால் இது பொய் என்று ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டால், சொல்பவரிடம் பதில் இருக்கிறதா? தியேகோ கார்சியா கதை, காலை 8.19 வரை வந்த கைகுலுக்கல்களோடு மோதுகிறது. அந்த மோதலைச் சொன்னால், ‘அந்தத் தரவும் பொய்’ என்பார்கள். எதைக் காட்டினாலும் விழாத யூகத்தைச் சோதிக்க வழியே இல்லை. தெற்கு வில் அப்படிப்பட்டதல்ல. இறக்கைப் பகுதி ரீயூனியனுக்குப் பதில் வேறு பெருங்கடலில் ஒதுங்கியிருந்தால் அது நொறுங்கியிருக்கும்.

2014-க்குப் பிறகு மாறியவை

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு கொண்டுவந்த விதிப்படி, 2018 நவம்பரிலிருந்து கடல்மேல் பறக்கும் பெரிய பயணிகள் விமானங்களின் இடத்தை நிறுவனங்கள் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது அறிய வேண்டும். நீருக்கடியில் ஒலிக்கும் கருவியின் ஆயுள் 30 நாளிலிருந்து 90 நாளாக உயர்ந்திருக்கிறது. ஏ.டி.எஸ்.பி. அறிவிப்புகளைச் செயற்கைக்கோளே நேரடியாகப் பிடிக்கும் வசதி 2019 முதல் இயங்குகிறது, அதனால் நடுக்கடலும் முன்போல முழு இருட்டு கிடையாது.

15 நிமிடம் என்பது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானம் அதற்குள் 225 கிலோமீட்டர் கடந்துவிடும். இதற்காகவே, விமானம் ஆபத்தில் இருக்கிறது என்று தானாகவே உணர்ந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடத்தை அனுப்பும் கருவி புதிதாகத் தயாராகும் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாகியிருக்கிறது. விழுந்த இடத்தைச் சுமார் 11 கிலோமீட்டருக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது இலக்கு. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் பல்லாயிரம் விமானங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை ஓய்வு பெற இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். அதுவரை, கடல்மேல் ஏதாவது நடந்தால் முதல் சில மணி நேரத்துக்கு அதிகாரிகளின் பதில் ‘இன்னும் தெரியவில்லை’ என்பதாகவே இருக்கும். பெரும்பாலும் அது உண்மையான பதிலாகவும் இருக்கும்.